வெரி குட்

பெர்சிஸ்: ...காப்பியெல்லாம் வேணாம் பத்திரகாளி. இந்தக் கையெழுத்த மட்டும் போட்டுக் குடுங்க, நான் கிளம்புறேன்.

பத்திரகாளி: மூணு தடவ வந்துட்டீக டீச்சர். ஒரு வாய்த் தண்ணி குடிக்கல. எங்க வீட்டுல இன்னும் கொரோனா குடியிருக்குன்னு நெனச்சீகளோ?

பெர்சிஸ்: ஐயையோ... என்ன பேச்சு இது!

பத்திரகாளி: சும்மா சொன்னேன். உக்காருங்க. அந்தக் காயிதக் கட்டத் தள்ளி வச்சிட்டு உக்காருங்க. பசை ஈரமா இருக்கு, சேலையில ஒட்டிக்கிரும்.

பெர்சிஸ்: இது பட்டாசுக் குழாயா?

பத்திரகாளி: வெறுங்குழாய்தான். மருந்து கிடையாது. காயிதத்தச் சுருட்டி ஒட்டிக் குடுக்குறது. நானும் அவளும் ஒக்காந்தா ஒரு நாளைக்கு நாலு மூட தேறும்.

பெர்சிஸ்: அவளுமா...

பத்திரகாளி: வேற யாரு இருக்கா?

பெர்சிஸ்: பிரீத்திகா எங்க இப்ப?

பத்திரகாளி: உள்ளதான். உங்க ஸ்கூட்டிச் சத்தம் கேட்டதும் கதவச் சாத்திக்கிட்டா. போன தடவையும் அப்படித்தான... ஏ பிள்ள! டீச்சர் வந்திருக்காக, வெளிய வா!

பெர்சிஸ்: விடுங்க, அதட்டாதீங்க.

பத்திரகாளி: அதட்டல டீச்சர். அதட்டுனா மட்டும் வந்துருவாளாக்கும்.

பெர்சிஸ்: இங்க பாருங்க. பத்தாவது பரீட்சைக்குப் பேரு குடுக்க இன்னைக்கு நாலு மணியோட கடைசி. இதுல பேரு ஏறலன்னா ஒரு வருசம் போச்சு. ஒரு வருசம் விட்ட பொம்பளப் பிள்ள திரும்பி வந்ததா நான் பாத்ததில்ல.

பத்திரகாளி: நான் வேணாம்னா சொல்றேன்? கையெழுத்து இந்தா, போட்டுட்டேன். பரீட்சைய நானா போயி எழுத முடியும்?

பெர்சிஸ்: பள்ளிக்கூடம் தொறந்து ரெண்டரை மாசமாச்சு. ஒருநாள்கூட வரல அவ. ஆனா ஆன்லைன் கிளாசுல ஒருநாள் லீவு போட்டதில்ல தெரியுமா? நான் பேரு வாசிக்கிறதுக்கு முன்னாடியே "உள்ளேன் டீச்சர்"னு சத்தம் வரும்.

பத்திரகாளி: எனக்குத் தெரியாதா? இந்த ஒத்த ரூமுல நானுந்தான உங்க கிளாசுல படிச்சேன். உங்க வீட்டுக் குக்கர் எத்தன விசிலுக்கு எறக்குவீகன்னு கேளுங்க, சொல்றேன்.

பெர்சிஸ்: ம்... உங்க வீட்டு வழக்கு மட்டும் எங்களுக்குக் கேக்கலயா? "உப்புப் போட்டியா இல்லையாடி"ன்னு உங்க வீட்டுக்காரர் போட்ட சத்தத்துல நாப்பத்தாறு பிள்ளைகளும் சிரிச்சுருச்சு. ...ஐயோ, மன்னிச்சுக்கோங்க. நான் ஏதோ...

பத்திரகாளி: இல்ல டீச்சர். நல்லாத்தான் இருக்கு கேக்க. அவுக சத்தத்தப் பத்தி இப்ப யாரும் பேசுறதே இல்ல.

பெர்சிஸ்: அவ கிளாசுக்கு வச்சிருந்த அந்த போனு அவருதுதானே?

பத்திரகாளி: ஆமா. பட்டாசுக் கம்பெனிக்குள்ள போன் கொண்டுபோக விட மாட்டாக. ஒரு பொறி போதுமே. அதான் காலையில போகையில அவ தலமாட்டுல வச்சிட்டுப் போவாக. "என் போனு உள்ள போகாட்டி என்ன, எம்மக படிப்பு உள்ள போகட்டும்"னு ஒரே பெரும.

பெர்சிஸ்: அவரு மருந்து கலக்குறவருல்ல?

பத்திரகாளி: பதினாறு வருசமா. விடியக்காலையில கலந்து முடிச்சிரணும், வெயில் ஏறக் கூடாது. இசக்கிப்பாண்டி மூக்குன்னா நாரணாபுரத்துல எல்லாருக்கும் தெரியும்.

பெர்சிஸ்: மூக்கா?

பத்திரகாளி: மருந்துல கொஞ்சம் ஈரம் பட்டுட்டா உள்ளுக்குள்ளயே சூடாகும் டீச்சர். கண்ணுக்குத் தெரியாது. ஆனா மூத்திர நெடி மாதிரி ஒண்ணு கெளம்பும். அந்த நெடி வந்தா போட்டது போட்டபடி ஓடிரணும். அவுகளுக்கு மத்தவுகளுக்கு முன்னாடியே தெரிஞ்சிரும். ரெண்டு தடவ சத்தம் போட்டு ரூம காலி பண்ண வச்சிருக்காக. எட்டு உசுரு தப்பிச்சுச்சு.

பெர்சிஸ்: அந்த ரூம் வெடிச்ச அன்னைக்கு மட்டும்...

பத்திரகாளி: அன்னைக்கு மாஸ்க்கு போட்டிருந்தாக. அதனால நெடி தெரியல. அம்புட்டுதான்.

பெர்சிஸ்: ஆமா... பேப்பர்லயும் அப்படித்தான் போட்டிருந்தான்.

பத்திரகாளி: எல்லாரும் அதான் சொன்னாக. நானும் ஆமான்னு சொன்னேன். ஏன் டீச்சர் அப்படிப் பாக்குறீக?

பெர்சிஸ்: ஒண்ணுமில்ல. சொல்லுங்க.

பத்திரகாளி: சொல்ல என்ன இருக்கு... கூட வேல பாத்தவன், வெளிய நின்ன பால்பாண்டிக்கே நெடி மூக்கத் தொளச்சிருக்கு. தண்ணி எடுக்கப் போனவன். "அண்ணே, வெளிய வாங்க"ன்னு கத்தியிருக்கான். அவுக திரும்பி "என்னலே?"ன்னு கேட்டாகளாம். சாவகாசமா... என்னலேன்னு.

பெர்சிஸ்: அழாதீங்க பத்திரகாளி.

பத்திரகாளி: மாஸ்க்கு போட்டவன் பால்பாண்டியும்தான டீச்சர்! அவனுக்குத் தெரிஞ்சிருக்கே!

பெர்சிஸ்: ...மெதுவா. பிள்ளைக்குக் கேக்கும்.

பத்திரகாளி: கேக்கட்டும். நாலு மாசமா நெஞ்சுக்குள்ள வச்சு வச்சு எனக்குப் புண்ணாப் போச்சு. நீங்க வேதக்காரவுக, சர்ச்சுக்குப் போறவுக. பாவத்தச் சொன்னா தீரும்பீகளே... சொல்லவா?

பெர்சிஸ்: சொல்லுங்க.

பத்திரகாளி: அவுகளுக்கு வாசம் போயிருச்சு டீச்சர். வியாழக்கெழமையே போயிருச்சு. நெத்திலிக் கருவாடு வறுக்குறேன், தெருவே மணக்குது. பக்கத்துல ஒக்காந்துக்கிட்டு, "இன்னைக்கு என்னத்தா கொழம்பு?"ன்னு கேக்காக. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

பெர்சிஸ்: காய்ச்சல்?

பத்திரகாளி: இருந்துச்சு. கம்பெனி கேட்டுல நெத்திக்கு நேரா வச்சுச் சூடு பாப்பாகல்ல, அதுக்கு முன்னாடி மாத்திரை குடுத்து எறக்கி விட்டுருவேன். நான்தான் குடுத்தேன். இந்தக் கையாலதான். ஆவி பிடிக்க வச்சேன், கசாயம் குடுத்தேன்... ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு மட்டும் வாயத் தொறக்கல.

பெர்சிஸ்: ஏன் பத்திரகாளி?

பத்திரகாளி: மொத வருசம் நம்ம தெரு ரோஷினி வீட்டுல கொரோனா வந்தப்ப என்ன நடந்துச்சு? வாசல்ல தகரத்த அடிச்சாக. அவ ஒரு கொடம் தண்ணி கேட்டுக் கத்துனா, குடுக்க ஆளில்ல. நானும் குடுக்கல டீச்சர். கதவச் சாத்திக்கிட்டேன். இப்ப நம்ம வீடுன்னா தெரு சும்மா விடுமா? அதுவும் தீவாளி சீசன். ஒருத்தனுக்கு வந்தா கம்பெனியே பதினாலு நாளு பூட்டு. நூறு வீட்டு வாயில விழணும். இன்னும் நாலு நாளு, சரியாப் போயிரும்னு நெனச்சேன்.

பெர்சிஸ்: அவருக்கே தெரியாதா, வாசம் இல்லாம அந்த ரூமுக்குள்ள...

பத்திரகாளி: தெரியாமயா? ஞாயித்துக்கெழம "நாளைக்குப் போக வேணாமான்னு பாக்குறேன்"னு மத்தியானமே சொன்னாக. ஆனா பொழுது சாய என்னமோ தெரியல, தெளிஞ்சுட்டாக. "எனக்கு ஒண்ணுமில்ல, நான் போறேன்"னு சிரிச்சுக்கிட்டே சொல்றாக. நானும் தடுக்கல. என் புருசன நான்தான் கொன்னேன் டீச்சர்.

பெர்சிஸ்: அப்படிச் சொல்லாதீங்க.

பத்திரகாளி: வேற எப்படிச் சொல்ல? எனக்கு மட்டுந்தான தெரியும்?

பெர்சிஸ்: உங்களுக்கு மட்டும் இல்ல.

பத்திரகாளி: என்ன?

பெர்சிஸ்: உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச விசயம் இல்ல பத்திரகாளி. எனக்கும் தெரிஞ்சிருக்கணும்.

பத்திரகாளி: நீங்க சாத்தூர்ல இருக்கீக... உங்களுக்கு எப்படி?

பெர்சிஸ்: அந்த சனிக்கிழமை ஒரு வீட்டுப்பாடம் குடுத்தேன். கொரோனா பத்தின பாடம். வீட்டுல எல்லாரையும் காப்பித்தூள மோந்து பாக்கச் சொல்லுங்க, வாசம் தெரியுதா இல்லையான்னு கட்டம் போட்டு எழுதி அனுப்புங்கன்னு சொன்னேன்.

பத்திரகாளி: ஆமா... என் மூக்குக்கிட்டயும் டப்பாவ நீட்டுனா. ஏதோ வெளையாட்டுன்னு இருந்தேன்.

பெர்சிஸ்: அவ எழுதி அனுப்பியிருக்கா. இந்தாங்க, என் போன்லயே இருக்கு. அழிக்க மனசு வரல. வாசிங்க.

பத்திரகாளி: எனக்குக் கண்ணு மறைக்குது. நீங்களே வாசிங்க.

பெர்சிஸ்: "நான், தெரிகிறது. அம்மா, தெரிகிறது. அப்பா..."

பத்திரகாளி: அப்பா?

பெர்சிஸ்: "அப்பா, தெரியவில்லை."

பத்திரகாளி: ...கீழ இது என்ன? இங்கிலீசுல?

பெர்சிஸ்: அது நான் போட்டது.

பத்திரகாளி: என்ன போட்டிருக்கு?

பெர்சிஸ்: "வெரி குட்."

பத்திரகாளி: வெரி குட்டா?

பெர்சிஸ்: நான் பாக்கல பத்திரகாளி! சத்தியமா அந்தப் போட்டோவத் தொறக்கவே இல்ல. டென்னிஸ், எங்க வீட்டுக்காரர், அப்ப விருதுநகர் ஆஸ்பத்திரியில ஆக்சிஜன் வச்சுக் கெடந்தாங்க. வராந்தாவுல நின்னுக்கிட்டு, அன்னைக்கு வந்த நாப்பத்தாறு பேருக்கும் அதே வெரி குட்ட வரிசையாப் போட்டு விட்டேன். துக்கம் விசாரிக்க இந்த நம்பர எடுத்தேன் பாருங்க, அன்னைக்குத்தான் பாத்தேன்.

பத்திரகாளி: உங்க வீட்டுக்காரரு?

பெர்சிஸ்: வந்துட்டாங்க.

பத்திரகாளி: ம்.

பெர்சிஸ்: ஏசுங்க. ரெண்டு வார்த்த ஏசுனா எனக்கு நல்லாயிருக்கும்.

பத்திரகாளி: மாத்திரை குடுத்தவ நான். எந்த வாய வச்சு உங்கள ஏச? ...ஆனா வயிறு எரியுது டீச்சர். நெசமாவே எரியுது.

பெர்சிஸ்: எரியட்டும். நான் கேட்டுக்கிறேன்.

பிரீத்திகா: அம்மா...

பத்திரகாளி: வந்துட்டியா? எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா நின்ன?

பிரீத்திகா: டீச்சர ஒண்ணும் சொல்லாதம்மா.

பத்திரகாளி: இத ஏன்டி எங்கிட்ட நாலு மாசமாச் சொல்லல?

பிரீத்திகா: நீ மாத்திரை குடுத்தத நானும் பாத்தேன்ல. நான் ஒன்னய ஏதாச்சும் கேட்டேனா?

பெர்சிஸ்: பிரீத்திகா... இங்க வாம்மா. எம்பக்கத்துல வா.

பிரீத்திகா: இங்கனயே நிக்கிறேன் டீச்சர்.

பெர்சிஸ்: என்மேல கோவம் இருக்கும். இருக்கணும். வேற டீச்சர் கிளாசுக்கு மாத்தி விடச் சொல்றேன். என் மூஞ்சில நீ முழிக்கவே வேணாம். பரீட்சைய மட்டும் எழுதுடா கண்ணு.

பிரீத்திகா: உங்க மேல கோவம் இல்ல டீச்சர்.

பத்திரகாளி: பெறவு என்னத்துக்குத்தான் போக மாட்டேங்குற? வாயத் தொறந்து சொல்லேன்!

பிரீத்திகா: ஞாயித்துக்கெழம சாயங்காலம் நீ தண்ணி பிடிக்கப் போயிருந்த. "வேலைக்குப் போகாதீகப்பா"ன்னு நான் அழுதேன். "சரி, உன் டீச்சர் என்ன சொல்றாகன்னு பாப்போம். அவுக ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னா நான் போறேன்"னு அப்பா சொன்னாக.

பெர்சிஸ்: ஐயோ... ஏசப்பா...

பிரீத்திகா: ரெண்டு பேரும் போனையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தோம். கொஞ்ச நேரத்துல வெரி குட் வந்துச்சு. "பாத்தியா, டீச்சரே சொல்லிட்டாக, எனக்கு ஒண்ணும் இல்ல"ன்னு அப்பா சிரிச்சாக.

பத்திரகாளி: அதான் தெளிஞ்சிருந்தாகளா... அதானா...

பெர்சிஸ்: அவரக் கொன்னது நான்தான். என்னாலதான் நீ...

பிரீத்திகா: இல்ல டீச்சர், நான்தான். அதான் பள்ளிக்கூடத்துக்கு வர முடியல. நீங்க பாக்காமப் போடுவீகன்னு எனக்குத் தெரியும். கிளாசுல எல்லாருக்கும் தெரியும். அதுக்கு முந்துன வாரம் ஆர்த்தியும் நானும் பந்தயம் கட்டி, வெறுந்தாளப் போட்டோ எடுத்து அனுப்புனோம். அதுக்கும் வெரி குட் வந்துச்சு. "டீச்சர் பாக்கலப்பா, சும்மா போட்டிருக்காக"ன்னு ஒரு வார்த்த நான் சொல்லியிருந்தா அப்பா போயிருக்க மாட்டாக. ஆனா... "எம்மகளுக்கு டீச்சர் எப்பயும் வெரி குட்டுத்தான்"னு என் தலையத் தடவிக்கிட்டே இருந்தாக டீச்சர். அப்பப் போயி அது சும்மான்னு சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு.