ஓரம் வெட்டித் தரணும்

...அஸ்திவாரம் ஆடுதாம் ஓய், அஸ்திவாரம்! ஒரு சிவப்பு அட்டப் புஸ்தகம் வந்து நம்ம சபைக்க அஸ்திவாரத்தையே ஆட்டிப்போட்டுதாம். போதகர் மூணு ஞாயித்துக்கிழமயா இதே பிரசங்கம். நானும் ஆமா ஆமான்னு தலைய ஆட்டினேன். கமிட்டிச் செக்ரட்டரியாக்கும், ஆட்டாம முடியுமா?

நீரு வேலயப் பாரும் தாணுமாலயம். நான் சும்மா பறஞ்சுக்கிட்டு இருக்கேன். இந்த வேதபுஸ்தகத்துக்கு ஒரு புது அட்ட போடணும், அதுக்குத்தான் குழித்துறைக்கு வந்தேன். உம்ம மாதிரி பைண்டிங் நம்ம பக்கத்துல ஆரு செய்யுகா? வேற ஒண்ணுமில்ல. அந்தத் துண்டுல பொதிஞ்சிருக்கதா... அது கெடக்கட்டும். பொறவு சொல்லுகேன்.

அந்தப் புஸ்தகத்துல என்ன இருக்குன்னு கேளும். கேக்கல்லியா? கேளும் ஓய்! வேதத்தப் பத்தி நூத்தம்பது கேள்வியாம். காயீனுக்குப் பெண்ணு எங்க இருந்து வந்துதுன்னு ஒண்ணு. நோவா மரத்துல பேழ செஞ்சு எல்லாச் சீவனயும் சோடி சோடியா ஏத்தினாரே, செதலயும் ஏத்தினாரா, ஏத்தினா பேழ என்ன ஆச்சுன்னு ஒண்ணு. பாரும், எப்பிடித் தலை வேல செய்யுதுன்னு! லண்டன் மிஷன் காலத்துல இப்பிடி ஒரு சத்தம் உண்டுமா? தென்னிந்தியத் திருச்சபைன்னு பேரு மாறி எட்டு வருசம் ஆகல்ல, அதுக்குள்ள செதலு கேறியாச்சு.

ஒடனே கமிட்டி கூட்டித் தீர்மானம் போட்டோம். ஒருத்தரும் வாசிக்கப்பிடாது, கண்ட எடத்துல பிடுங்கணும். மொதப் பிரதிய நானேதான் பிடுங்கினேன், சாயாக்கட மரியஜானுக்க கையில இருந்து. நான் ரோமன் கத்தோலிக்கன், உங்க தீர்மானம் எனக்குச் செல்லாதுன்னு அவன் நின்னான். விசுவாசம் எல்லாருக்கும் பொதுல்லாடேன்னு சொல்லிப் பிடுங்கிட்டேன். எரிக்கணும்னுதான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஆனா எத எரிக்கோம்னு தெரியாம எரிக்கப்பிடாதுல்லா? வாசிச்சேன். ஒருக்கா வாசிச்சா சரியா பிடிபடல்ல. மூணு மட்டம் வாசிச்சேன். மறுப்பு எழுதணும்னு பென்சிலும் எடுத்தேன்...

அது கெடக்கட்டும். நான் பறய வந்தது எனக்க மவளுக்க சங்கதி. ஜெபகுமாரி. நம்ம பள்ளிக்கூடத்து வாத்தியாரு ஜெயசிங்குக்கு ஒறப்பிச்சிருந்தேன். தங்கமான பையன். எங்க சபையில கல்யாணத்துக்கு முன்ன மூணு ஞாயித்துக்கிழம ஓலை வாசிப்பாவ, கேட்டிருப்பீரு. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆருக்காவது தடை உண்டுமான்னு. ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. போன சனியாழ்ச்ச பந்தல் காரியம் பேச அவனுக்க வீட்டுக்குப் போனேன். அவன் குளிக்கப் போயிருந்தான். மேசையில பிள்ளைகளுக்க நோட்டு கெடக்கு. நோட்டுக்குக் கீழ என்ன? சிவப்பு அட்ட!

எனக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துது ஓய். தொறந்துகூடப் பாக்கல்ல. கக்கத்துல இடுக்கிட்டு வந்துட்டேன். மறுநாளு மூணாவது ஓலை. போதகர் தடை உண்டுமான்னு கேக்காரு. எழும்பினது ஆருங்கேரு? நான்! பொண்ணுக்க அப்பன்! தடை உண்டும்னு கூவி, சிவப்புப் புஸ்தகத்தத் தூக்கிக் காட்டினேன்.

ஜெயசிங் எழும்பி நின்னு என்னையே பாத்தான். ஒரு வார்த்த பேசணுமே! பேசல்ல. அவனுக்க அம்மை நேசபாய்தான் எழும்பினா. விசாரண கழியட்டும், பொறவு இந்தச் சம்பந்தம் வேணுமான்னு நாங்க யோசிக்கோம்னு பறஞ்சா. போதகர் தீர்ப்பு சொன்னாரு. வாற ஞாயித்துக்கிழம ஆராதன முடிஞ்சு சபையார் முன்ன அந்தப் புஸ்தகத்தத் தொறந்து விசாரிப்போம், அதுவர சாட்சி செக்ரட்டரி கையில இருக்கட்டும்னு.

சாட்சிய வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில வச்சேன். அப்பதான் தொறந்து பாத்தேன்.

...குடிக்கக் கொஞ்சம் வெள்ளம் தாரும்.

அது நான் பிடுங்கின புஸ்தகம் ஓய். எனக்க புஸ்தகம். அலமாரியில துணிக்கடியில வச்சிருந்தது. ஓரம் பூராவும் எனக்க எழுத்து. மறுப்பு எழுதத்தானே பென்சில் எடுத்தேன்? மறுப்பு வரல்ல. அந்தச் செதலு கேள்விக்கு நேர எழுதியிருக்கேன்: "நியாயமான கேள்வி. போதகரிடம் கேட்கவேண்டும்." அதுக்குக் கீழ: "கேட்டேன். கோபித்துக்கொண்டார்." இப்பிடி நாப்பது எடம். கமிட்டி நோட்டு எழுதுக அதே கை, சபையில கைப்பிள்ளைக்கும் தெரியும். ரப்பர் போட்டு அழிக்கலாம்னா, நனச்சா மை ஆவுமே, அந்தப் பென்சில். தேய்க்கத் தேய்க்கப் பரந்துக்கிட்டு வருது.

எப்பிடிட்டி அவன் கைக்குப் போச்சுன்னு மவளக் கேட்டேன். ஒரு பயமில்ல அவளுக்கு. "நாந்தான் குடுத்தேன். அப்பா ஆருன்னு அவங்க தெரிஞ்சுக்கிடட்டும்னு குடுத்தேன்"ங்கா. இத்தன நாளு தெரியாத அப்பன் ஆரு ஓய் எனக்குள்ள? அவனும் வாசிச்சிருக்கான். வாசிச்சிட்டுத்தான் அன்னைக்கு என்னக் காட்டிக்குடுக்காம வாயப் பொத்திக்கிட்டு நின்னிருக்கான். எனக்கு வெக்கம் பிடுங்கித் திங்குது.

இப்பம் துண்ட அவுத்துப் பாரும். ஆமா, இதுதான். உம்ம கட்டையில இறுக்கி வச்சு, மூணு பக்கமும் ஓரத்த அறுத்துத் தரணும். எழுத்து இருக்க வரைக்கும். அச்சடிச்சது மட்டும் மிஞ்சினா போரும். இது நம்ம ரெண்டு பேருக்குள்ள கெடக்கட்டும்.

என்ன ஓய், ஒரே பக்கத்துல நிக்கேரு? அறுக்கியதுக்கு வாசிக்கணுமா? எந்தப் பக்கம்... நூத்திப் பன்னிரண்டா? அதத் தாரும். அத வாசியாதேயும்! ...வாசிச்சிட்டீரு. சரி. ஜெபத்துக்குப் பதில் வரும்னா, வராம போன ஜெபம் எல்லாம் எங்க போச்சுன்னு புஸ்தகம் எழுதினவன் கேட்டிருக்கான். எல்லாத்துக்கும் எழுதின நான் அதுக்கு மட்டும் நியாயம் அநியாயம் ஒண்ணும் எழுதல்ல. ஒரு வரி. "செல்லபாய்க்காக நாற்பது நாள் ஜெபித்தேன்." எனக்க வீட்டுக்காரி. விஷக்காய்ச்சல். நாப்பத்தியோராம் நாளு போயிட்டா. குழிமேட்டுல பாட்டு பிடிச்சது நாந்தான், எல்லாரையும்விட சத்தமா. அதுக்குப் பொறவு இத ஒரு ஆளுகிட்ட நான் வாயத் தொறந்து பறஞ்சதில்ல.

கீழயா? கீழ என்ன? நான் ஒரு வரிதானே எழுதினேன். கண்ணாடி எங்க வச்சேன்... இது எனக்க எழுத்தில்ல. இது...

"நானும் ஜெபித்தேன், அப்பா."

ஏட்டி... ஏட்டி மக்களே...

அன்னைக்கு அவளுக்குப் பதினொண்ணு வயசு ஓய். நான் முட்டுல நின்னு ஜெபிக்கும்போ பாயில ஒறங்குகான்னுல்லா நெனச்சேன். ஒம்பது வருசமா ஒரே வீட்டுல கஞ்சி குடிக்கோம். ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசல்ல, இந்த எளவெடுத்த புஸ்தகம் வந்தில்லா பேச வச்சிருக்கு!

கத்திய கீழ வையும். கீழ வையும்ங்கேன்! இந்த ஒரு தாள மட்டும் விட்டுட்டு மத்தத அறுக்க முடியுமா? முடியாதா. அறுத்தா எல்லாம் சேந்துதான் போவுமா. அப்ப வேண்டாம். அப்பிடியே தாரும்.

ஞாயித்துக்கிழம இப்பிடியே மேசையில வைப்பேன். வாசிக்கட்டும், சத்தமா வாசிக்கட்டும். செக்ரட்டரி வேல போனா போவட்டும், எழுத வேற கை உண்டும். நேசபாயிகிட்ட நானே போய் நிப்பேன். தடை சொன்னவன் நான், எடுக்கவேண்டியதும் நான். அந்த மூணாவது ஓலைய மறுபடி வாசிக்க வைப்பேன். தடை உண்டுமான்னு கேக்கும்போ எவனாவது எழும்பட்டும், அவனுக்க அஸ்திவாரத்த நான் ஆட்டுகேன்!

சரி, நேரமாச்சு. ஊருக்குப் போற பஸ்ஸு போயிரும். என்னது, வேதபுஸ்தகத்துக்கா? அட்டதான் போடச் சொன்னேன். ஓரம் மங்கிக் கெடக்கா? அப்ப அதையும் வெட்டும், தாராளமா வெட்டும், ஒண்ணும் போகாது. எனக்க கல்யாணத்துக்குக் கிட்டினது. இருவத்திரெண்டு வருசம் ஓய்... அதுக்க ஓரத்துல நான் ஒரு வரி எழுதினதில்ல.