இரண்டு பொட்டலம் உப்பு மிளகு

தொட்டேன், ஐயா. ராமுத்தாயின் இரண்டு கைகளையும் தொட்டுத்தான் பார்த்தேன்.

வணக்கம் சொல்லும் முன்பே பதில் சொல்ல வைத்துவிட்டீர்கள். பால் சங்க விழாவுக்குத் தலைமை தாங்கும் ஈஸ்வரமூர்த்தி அவர்களே! பெருமாட்டிப் பக்கத்துத் தோப்புகளிலிருந்து வந்து பெருமை சேர்க்கும் பெரியோர்களே! மனம் தொழுவத்திலும் உடல் இங்குமாக அமர்ந்திருக்கும் தாய்மார்களே! சித்தூர்க் கல்லூரியில் விலங்கியல் சொல்லித்தரும் அபயாம்பாள் உங்களை வணங்குகிறேன்.

பதினொரு நாளாக ஒருவரின் பால் திரும்பிப் போகிறது. உடும்பஞ்சோலையிலிருந்து இங்கே வாழ வந்த ராமுத்தாயின் பால். அவர் கையில் மரு. அவர் பசுவின் மடியிலும் மரு. மாட்டு மரு கைக்கு வந்தது, கையிலிருந்து பாலுக்கு வரும். இதுதானே உங்கள் வழக்கு?

சாட்சி யார்? இரண்டு பொட்டலங்கள்! மரு உதிர வேண்டிக்கொண்டு கோயிலில் உப்பும் மிளகும் போடுவது நம் வழக்கம். ராமுத்தாய் தன் பேரில் ஒரு பொட்டலம் போட்டார். பசுவின் பேரில் ஒரு பொட்டலம். ஒரே நாள், ஒரே கோயில் படி. பார்த்தவர்கள் முடிவு கட்டினார்கள்: ஒரே நோய்.

"வாயில்லா சீவன்லாம்மா, அதுக்கும் நாந்தான வேண்டணும்" என்றார் என்னிடம். அன்பு செய்த காரியம். அதையா குற்றமாக்கினோம்?

மருவைத் தருவது ஒரு வைரஸ். தன்னைப் போல இன்னொன்றை உண்டாக்கும் குறிப்பை உள்ளே சுமந்து திரிகிறது. மனிதருக்கு வருவது ஒரே வகை என்றிருந்தோம். கைக்கு ஒன்று, உள்ளங்காலுக்கு ஒன்று, இன்னும் பல என்று இப்போது தெரிகிறது. இந்த எழுபத்தொன்பதாம் ஆண்டில் வந்த ஓர் ஆய்வைப் படித்தேன். மாட்டு வைரஸையும் மனித வைரஸையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். குறிப்பில் சில பகுதிகள் இன்னும் ஒத்துப்போகின்றன. மற்றவை வெகுதூரம் விலகிவிட்டன.

விளங்கவில்லையா? நம் பேச்சைப் பாருங்கள். வீட்டுக்கு என்பதைக் கல்பாத்திக்காரி நான் 'ஆத்துக்கு' என்பேன். 'ஊட்டுக்கு' என்று நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் அம்மா? பசி? பால்? எனக்கும் உங்களுக்கும் ராமுத்தாய்க்கும் ஒன்றே! எது இல்லாமல் வாழ முடியாதோ, அது நிற்கிறது. எது மாறினாலும் வாழலாமோ, அது போன இடத்துக்கேற்ப மாறுகிறது. வைரஸும் அப்படித்தான். பழைய உறவு. வேறு வேறு வீடு.

பின்வரிசையில் ஒரு குரல். "ஏனுங்க டீச்சர், ஒறவுன்னா போக்குவரத்து இருக்குமுங்களே?"

சபாஷ்! மனிதருக்குள் போக்குவரத்து உண்டு, ஒளிக்க மாட்டேன். ஒருவர் துண்டில் இன்னொருவர் துடைக்காதீர்கள். மாடுகளுக்குள்ளும் உண்டு. ஒன்றின் கயிற்றை இன்னொன்றுக்குக் கட்டாதீர்கள். ஆனால் மாட்டு மரு மாட்டுத் தோலுக்கென்றே ஆகிவிட்ட ஒன்று. நம் தோலில் அது குடியேறுவதில்லை.

இதோ என் கட்டைவிரல். மூன்று மருக்கள். பசு என்றாலே நான் பத்தடி தள்ளி நிற்பவள்! சிரியுங்கள். சிரித்துவிட்டுச் சொல்லுங்கள், இவை எந்த மாடு தந்தவை?

"கையக் கழுவிட்டுக் கறந்தாச் சரிங்களா?" என்கிறார் தலைவர். சரி, ஐயா. எல்லோரும் கழுவினால் இன்னும் சரி.

"அப்ப நாளைக்கு ஊத்தச் சொல்லுங்க."

நாளையா? மடி காத்திருக்குமா? கன்று காத்திருக்குமா? பதினொரு நாள் திரும்பி நடந்த கால்கள் இன்னொரு நாளும் காத்திருக்குமா? இன்று, ஐயா! இன்று மாலை!

தலைவர் தலையசைக்கிறார். முதல் கைதட்டல் தாய்மார்கள் பக்கமிருந்து வருகிறது. எனக்கு இது போதும். பொறுத்துக் கேட்ட தலைவருக்கும், குறுக்கே கேட்ட பின்வரிசைக்கும், கறவையைத் தள்ளிவைத்த தாய்மார்களுக்கும் நன்றி. எல்லோருக்கும் என் வணக்கம்.

அபயாம்பாள் மேடையை விட்டு இறங்கினாள். கறவை முடிந்ததும், ராமுத்தாயின் பால் கேனுடைய ஒரு காதைத் தான் பிடித்துக்கொண்டு, சங்கத்து வரிசையில் நின்றாள்.