பல்கனியில் இரண்டு பேர்

எனக்கு உயரமென்றால் சின்ன வயதிலிருந்தே பயம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன் ஐயா, இல்லாவிட்டால் மற்றது விளங்காது.

தில்லையம்பலம் அண்ணையும் நானும் மோர்டனில் ஒரு கராஜுக்குள் வீட்டு வாசல்களுக்கு இரும்புக் கேற் செய்யத் தொடங்கினோம். பிறகு குரோய்டனில் தொழிற்சாலை, அறுபது பேருக்கு வேலை, லண்டன் முழுக்க அடுக்குமாடிகளில் எங்கள் இரும்புப் பல்கனிகள். ஒவ்வொரு கட்டடத்திலும் முதல் பல்கனியைச் சுவரோடு பூட்டியதும் அண்ணை அதில் ஏறிக் குதிப்பார். பாதுகாப்பு பெல்ட் கட்டமாட்டார். எங்கள் வேலையை நாங்களே நம்பாவிட்டால் யார் நம்புவது என்பார். என்னையும் கையைப் பிடித்து இழுப்பார்.

"விழுந்தா ரெண்டு பேரும் சேர்ந்துதானே விழுவம். வா யாக்கோப்பு."

நான் கண்ணை மூடிக்கொண்டு குதிப்பேன். எனக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. அந்தக் கை இருந்தது.

போன வருடம் தக்ஷிகா வேலைக்கு வந்தாள். படித்த இன்ஜினியர், கெட்டிக்காரி, என்னோடு மரியாதையாகத்தான் பேசுவாள். அவள் வரைந்த புதுமாதிரிப் பல்கனிக்குப் பெரிய ஓடர் கிடைத்தது. ஸ்ட்ரெதமில் முதலாவதைப் பூட்டிய அன்று அண்ணை என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"உனக்குத்தான் தலை சுத்துமே. நீ கீழ நில். பிள்ளை வரட்டும்."

இரண்டு பேரும் கைகோர்த்துக் குதித்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

வெல்டிங்கைச் சரிபார்ப்பது என் வேலை. நான் பச்சைப் பெயின்டால் அடையாளம் வைத்தால்தான் சாமான் வெளியே போகும். அடுத்த கட்டடத்துக்கான முதல் பல்கனியில், சுவரோடு பூட்டும் இடத்தில் ஒரு வெடிப்பு இருந்தது. மயிர் தடிப்பம்தான். பச்சை வைத்தேன். குதிக்கும்போது கொஞ்சம் தொங்கும், அவள் வரைந்ததில்தான் பிழை என்று அண்ணை நினைப்பார், அவ்வளவுதான் என்று எண்ணினேன்.

ஏற்றுவதற்கு முன் தக்ஷிகா அந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

"அங்கிள், இதை மெஷினால ஒருக்கா செக் பண்ணிப் பாப்பமா?"

அண்ணைதான் சொன்னார்: "யாக்கோப்பு பார்த்தாப் பிறகு இன்னொராள் பார்க்கிறது மரியாதையில்லை, பிள்ளை."

"சொரி அங்கிள்" என்றாள்.

ஐந்தாம் மாடி. நான் கீழே நின்றேன். அது தொங்கவில்லை, ஒரேயடியாகக் கழன்றது. அவர்கள் இரண்டு பேரும் கைகோர்த்தபடியே கீழே வந்தார்கள்.

ஓடர்கள் நின்றன. தொழிற்சாலையைப் பூட்டினார்கள். மெஷின்களை ஏலத்தில் ஏற்றினார்கள். பிழை தக்ஷிகாவின் வரைபடத்தில்தான் என்று சனம் கதைத்தது. அவளுடைய தாய் கலாவதி, மகளைப் பறிகொடுத்த அந்த மனிசி, அண்ணையின் செத்தவீட்டில் என் கையைப் பிடித்து அழுதார். "என்ர பிள்ளை உங்கட அண்ணையையும் கொன்று போட்டாள். மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

பரவாயில்லை என்றேன்.

வெடிப்பைக் கண்டுதான் பச்சை வைத்தேன். அதை எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அண்ணையை நான் கொன்றதாக மட்டும் எழுதாதீர்கள். அன்று அவர் என் கையைப் பிடித்திருந்தால், ஏற வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். அவர் என்னைக் கூப்பிடவேயில்லை.