மார்க்கெட்டுக்குப் போன கைபேசி

கோப்பெங்கிலிருந்து ஈப்போ போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவர் தன் கைபேசியை மூத்தவரின் பைக்குள் வைத்தார்.

"அக்கா, இத மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் கோயிலுக்குப் போயிட்டு வாரேன்."

"ஒன் ஃபோனு என்கூட எதுக்குலா?"

"நான் எங்க இருக்கேன்னு மக தைப்பிங்லேருந்தே அவ ஃபோன்ல பாத்துக்கிட்டு இருப்பா. நான் மயங்கி விழுந்ததுலேருந்து இப்படித்தான். எஸ்டேட்டு பெரட்டுல காலைல வரிசையா நிக்கவச்சு பேர் கூப்புட்ட மாரி, தெனமும்."

"பாக்கட்டுமே. கோயில்தான?"

"பிள்ளைக்கு நேந்துக்குற கோயிலாச்சே! அவ எங்க இருக்கான்னு எனக்கும் இதுல தெரியும்லா. வாராவாரம் பிரசவ கிளினிக்குக்குப் போறா. எங்கிட்ட இன்னும் சொல்லல. போன தடவ சொன்ன மறுநாளே கலைஞ்சிருச்சு, பாவம். அவளா சொல்ற வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது. மார்க்கெட்டுக்குன்னுதான் சொல்லியிருக்கேன்."

பைக்குள் கைபேசி சிணுங்கியது. மூத்தவர் எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"'அம்மா, மார்க்கெட்ல ஊறவச்ச மாங்கா ஜெரோக் இருந்தா வாங்கி வைங்க. நல்லா புளிப்பா.'"

இளையவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வாங்கி வக்கிறேன்னு போடுங்க அக்கா. ஏன்னு மட்டும் கேட்டுறாதீங்க."