‘டிஸ்ட்ரெஸிங்’னா என்ன, அண்ணி?

பெயிண்டர்: ...எட்டாவது எழுத்து வரைக்கும் தட்டுத் தடுமாறி வந்துட்டேன் அண்ணி. அதுக்கு மேல மூச்சு வாங்குது.

அண்ணி: எட்டு மாடி சாரம் ஏறுற ஆளுக்கு எட்டு எழுத்துல மூச்சு வாங்குதாக்கும். காட்டு... ‘டிஸ்ட்ரெஸிங்’.

பெயிண்டர்: அப்படின்னா?

அண்ணி: மனசைப் போட்டுக் கலக்குறது. கேட்டா, பார்த்தா நெஞ்சு பதறுதே, அந்த மாதிரி விஷயத்துக்குச் சொல்வாங்க. டிஸ்ட்ரெஸிங் நியூஸ், டிஸ்ட்ரெஸிங் படம்...

பெயிண்டர்: அடிச்ச பெயிண்ட் மறுநாளே உரிஞ்சா?

அண்ணி: அதுக்கு எரிச்சல்தான் வரும். இது தூக்கத்தைக் கெடுக்கணும்.

பெயிண்டர்: அண்ணன் சாரத்துலேர்ந்து விழுந்து செத்ததுக்கு... இந்த வார்த்தை போதுமா?

அண்ணி: லெட்டர் எழுதின கம்பெனிக்குப் போதும். துக்கம்னு எழுதினா அழணுமே. ...அடுத்த வரியைப் படி.

பெயிண்டர்: நீங்களே படிங்க.

அண்ணி: ரெண்டு சேஃப்டி பெல்ட் கொடுத்தாங்களாம். உங்க அண்ணன் மாட்டாம ஏறினாராம். அதனால நஷ்டஈடு கிடையாதாம். கீழ நீ சாட்சிக் கையெழுத்துப் போடணுமாம்.

பெயிண்டர்: போட மாட்டேன்.

அண்ணி: ஏன்? பெல்ட் நோட்டுல ரெண்டுன்னுதானே இருக்கு. போன வாரமே ஜெராக்ஸ் அனுப்பியிருக்காங்களே.

பெயிண்டர்: நோட்டு பொய் அண்ணி. இருந்தது ஒண்ணு. ‘உனக்கு உயரம் பழகல, நீ மாட்டிக்கோ’ன்னு அண்ணன்தான் என் இடுப்புல...

அண்ணி: அப்ப ரெண்டுன்னு எழுதினது யாரு?

பெயிண்டர்: ...மேஸ்திரி சொன்னாரு.

அண்ணி: சொன்னது சரி. எழுதினது?

பெயிண்டர்: எப்பவும் கைநாட்டு வைக்கிறவன் நான். அன்னைக்குத்தான் முதல் தடவையா பேனாவைக் கொடுத்தாங்க. ‘இரண்டு பெல்ட் பெற்றுக்கொண்டேன்’... ஒரு பிழை இல்லாம எழுதினேன் அண்ணி. அண்ணன்கிட்ட காட்டிட்டுத்தான் ஏறினேன். பதினாறு நாளா வாய் வரைக்கும் வருது, வெளிய வரமாட்டேங்குது.

அண்ணி: தெரியும். ஜெராக்ஸைப் பார்த்த அன்னைக்கே தெரியும். இந்த மேசையில உட்காரவச்சுப் பழக்கினவளுக்கு உன் எழுத்து தெரியாதா? நீயா சொல்லட்டும்னு இருந்தேன்.

பெயிண்டர்: நாளைக்கே லேபர் ஆபீசுக்குப் போறேன். ஒண்ணுதான் இருந்துச்சுன்னு என் கையாலயே எழுதிக் கொடுக்கிறேன்.

அண்ணி: கொடு. ...ஒண்ணு மட்டும் சொல்லு தம்பி. நோட்டைக் காட்டினியே... அவர் என்ன சொன்னாரு?

பெயிண்டர்: ‘சாயந்திரம் உங்க அண்ணிகிட்ட சொல்லணும்டா, சந்தோஷப்படுவா’ன்னாரு.