கொக்கிக்குத் திரும்பாத நம்பர்

பிடுங்கிக்க சுப்ரியாம்மா, இப்போ அந்தச் சார்ஜர் ஒயரப் பிடுங்கினா பரவால்ல. போன வாரம் ஆபீஸ்லேர்ந்து லேப்டாப்ப வாங்கிக்க ஆள் அனுப்பறோம்னப்போ, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்னேன்ல, அது அப்போ. இப்போ எடுத்துக்கிட்டுப் போ. அடியில இருக்கற சீரியல் நம்பர எழுதி வச்சிருக்கேன், சரி பார்த்துக்க. பதினோரு எழுத்து.

சொல்ப நேரம் இரு, டீய குடிச்சிட்டுப் போ. ஆறிடும்.

நீ என் பொண்ணுகூட ஒரே டீம், உனக்குத் தெரிஞ்சதுதான். ஆனா சுனிதா அந்த வேலைய எனக்கு எப்பிடிப் புரிய வச்சா தெரியுமா? நான் கமர்ஷியல் ஸ்ட்ரீட்ல ஒரு துணிக்கடையில முப்பத்தோரு வருஷம் பேக் கவுண்டர்ல இருந்தவன். வர்றவங்க பைய வாங்கி மாட்டிட்டு பித்தள டோக்கன் குடுக்கணும். இருநூறு டோக்கன், இருநூறு கொக்கி. ஏழாங்கிளாஸ் படிப்புக்கு அது போதும்.

அப்பா, கம்ப்யூட்டருக்குள்ளயும் உன்ன மாதிரி ஒருத்தன் ஒக்காந்திருக்கான்னு சொல்வா. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு நம்பர் குடுப்பானாம், ஐநோட் நம்பர்னு. பேரெல்லாம் நமக்காக ஒட்டற சீட்டு, அவனுக்கு நம்பர்தான் ஆளு. டிஸ்க்ல இல்லாம மெமரியில மட்டும் இருக்கற ஃபைலா இருந்தா, வரிசையில அடுத்த நம்பர் எதுவோ அதத் தூக்கிக் குடுத்துடுவானாம். கடைசி நம்பரும் தீந்துட்டா மறுபடி மொதல்லேர்ந்து. அந்த நம்பர் ஏற்கெனவே யார்கிட்டயாவது இருக்கான்னுகூடப் பாக்க மாட்டானாம்.

எனக்குக் கோவம் வந்துடுச்சும்மா. கொக்கியப் பாக்காம எப்பிடிக் குடுக்கறது? என்கிட்ட நூத்திப் பதினேழு வாங்கிட்டுப் போன ஒரு அம்மா திரும்பி வரவேயில்ல. பைய எடுத்துட்டு அந்த நம்பருக்கு வேற டோக்கன் அடிச்சுக்கோன்னாரு ஓனர். நான் செய்யல. நான் வேலையவிட்டு நிக்கற வரைக்கும் ஒம்போது வருஷம் அந்தப் பை அந்தக் கொக்கியிலதான் இருந்தது. அதக் கேட்டு சுனிதா அப்பிடிச் சிரிச்சா. உன்னக் கூட்டிட்டுப் போய் அவன் ஒக்காந்திருக்கற எடத்துல, கெர்னல்ல, ஒக்கார வைக்கணும்ப்பான்னா. அவ ரிப்பேர் பண்ணிக்கிட்டிருந்ததே அந்த எடத்ததானாமே. ஆமாவா? சரியாத்தான் ஞாபகம் வச்சிருக்கேன்.

கடைசி ஞாயித்துக்கிழம சாயங்காலம் எனக்குக் காட்டறதுக்குன்னே ஒண்ணு செஞ்சா. நான் கவுண்டர்ல கூப்பிடற மாதிரி நம்பர் கூப்பிடணும், அவ கஸ்டமர் மாதிரி பதில் சொல்வா. நாப்பத்தி மூணு. இந்தாங்க அண்ணே, என் பை எங்க, ஊறுகா ஒழுகுது பாருங்க. இப்பிடியே நாலு நிமிஷம் பன்னண்டு செகண்ட் ரெக்கார்ட் பண்ணா. அத மெமரியில போட்டு ஓட விட்டா. ஓடறப்பவே பேர அழிச்சா. பாருப்பா, லிஸ்ட்லயே இல்ல, ஆனா சத்தம் நிக்குதா பாரு. யாராவது ஒருத்தர் தொறந்து வச்சிருக்கற வரைக்கும் பேர் போனாலும் ஃபைல் போகாது. கரண்ட் நின்னா போயிடும்னா.

மறுநாள் காலையில தொம்மலூர் ஃப்ளைஓவர்ல அந்த ஆக்ஸிடென்ட். உனக்குத் தெரியாததா.

அந்த விண்டோவ நான் மூடவேயில்ல. காரியம் முடிஞ்ச மறுநாள்லேர்ந்து தெனம் ஆறு மணிக்கு ஒரு தடவ ஓட விடுவேன். முடிஞ்சதும் அப்பிடியே விட்டுடுவேன், வேற பட்டன் தொட மாட்டேன். முப்பத்தாறு தடவ.

லேப்டாப் பேட்டரி உப்பிடுச்சுன்னு அவளே முன்னாடி கழட்டி வச்சிருந்தா. கரண்ட் போனா யூபிஎஸ்ஸுதான். நாப்பது நிமிஷம் தாங்கும். செவ்வாக்கெழம மத்தியானம் ஒண்ணு இருவதுக்குக் கரண்ட் போச்சு. ஒண்ணு அம்பதுக்கு அது பீப் பீப்னு கத்த ஆரம்பிச்சுது. கீழ் வீட்டு ஓஸ்வால்ட் கிட்ட இன்வெர்ட்டர் இருக்கு, ஒரு ஒயர் இழுத்தா போதும். எறங்கிப் போனேன். உள்ள தட்டு சத்தம், சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க. சாப்பிடற நேரத்துல எப்பிடிம்மா கதவத் தட்டறது? முடிக்கட்டும்னு வாசல்லயே நின்னேன். ரெண்டு மணிக்கு மேல கத்தல் நின்னுடுச்சு.

கரண்ட் வந்தப்புறம் ஆன் பண்ணேன். நல்லாத்தான் ஆன் ஆச்சு. உள்ள ஒக்காந்திருக்கறவன் ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சிருப்பான்.

என்னம்மா? எடுத்திருக்கலாமா? பேர் இல்லாததக்கூடவா? கரண்ட் இருந்தப்போ வேற எடத்துக்கு மாத்தி... எவ்வளவு நேரம் ஆகும் அதுக்கு?

ஒரு நிமிஷமா.

சேச்சே, நீ ஏன் அழற. உன்மேல என்ன இருக்கு. கண்ணத் தொடச்சுக்க. அந்தக் காலண்டர் அட்டையப் பாரு, ஓரத்துல, அவ கையெழுத்து. அப்பா, எதுவா இருந்தாலும் சுப்ரியாவக் கூப்பிடு. கீழ உன் நம்பர். தெனம் தேதி கிழிக்கறப்போ படிப்பேன். ஆபீஸ் போற பொண்ணு, ஆயிரம் வேல இருக்கும், இதுக்குப் போயான்னு விட்டுட்டேன்.

பாக்காமயே சொல்வேன்மா. பத்து நம்பரும் மனப்பாடம்.