மலிவுத் துப்பாக்கி மேல் விழுந்த பழி

எந்தப் பொருளையும் நாலு இடத்தில் விசாரிக்காமல் வாங்குகிற பழக்கம் எனக்குக் கிடையாது. எங்கள் வீட்டு டோஸ்டரை வாங்க ஒரு குளிர்காலம் முழுக்க யோசித்தேன். அதற்குள் என் மனைவி அர்லீன் ரொட்டியை அடுப்பிலேயே வாட்டப் பழகிவிட்டாள். ஆனால் டோஸ்டர் இன்றைக்கும் ஓடுகிறது, அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே, சார், நீங்கள் தட்டச்சு செய்து வைத்திருக்கும் இந்தத் தாளில் நான் உடனே கையெழுத்துப் போடாததை அடம் என்று நினைத்துவிடாதீர்கள். வனவிலங்குத் துறையில் இவ்வளவு நல்ல மனதோடு எழுதுகிறவர் இருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மான் வேட்டையின் முதல் நாள், குளிரில் விறைத்த கட்டைவிரல் வழுக்கி, மலிவு விலைத் துப்பாக்கியில் தோட்டாவை அடிக்கும் சுத்தியல் தானாக விழுந்து, தோட்டா வெடித்து, என் மச்சான் டார்வின் ஹெக்மன் இறந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்துப் போட்டால் இது விபத்து. நான் வீட்டுக்குப் போய் இரவுச் சாப்பாடு சாப்பிடலாம். போடாவிட்டால் என்ன ஆகும் என்று நீங்கள் சொல்லவில்லை. அப்படி ஒரு ஆள் இருப்பான் என்று உங்களுக்குத் தோன்றியிருக்காது.

எனக்கு இடிப்பது ஒரே ஒரு சொல்தான், அந்த 'தானாக'. அந்தத் துப்பாக்கி தானாக எதையும் செய்யாது.

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். வேட்டைக்குப் போனால் நாங்கள் தங்கும் மலைமேல் கேம்ப் என் மாமனார் கட்டியது. ஒற்றை அறை, விறகு அடுப்பு, அடுக்குக் கட்டில்கள். அவர் போன பிறகு டார்வின்தான் அங்கே ராஜா. நீங்களும் பென்சில்வேனியா மலைக்காரர், எங்கள் வழக்கம் உங்களுக்கும் தெரிந்ததுதான். மானைச் சுட்டுத் தவறவிட்டவன் அன்று இரவு எல்லார் முன்னாலும் திரும்பி நின்று சட்டையின் பின்வாலைக் காட்ட வேண்டும். அதைக் கத்தரித்து, பெயரும் வருடமும் எழுதி, சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிடுவார்கள். மற்றவர்களுக்கு ஒன்றோ இரண்டோ தொங்கும். என்னுடையவற்றை இணைத்தால் ஜன்னலுக்குத் திரை தைக்கலாம். என் பெயரை எழுதி எழுதியே டார்வினின் கையெழுத்து அழகாகிவிட்டது.

வெட்டுவது அவன்தான், கோழி வெட்டும் கத்தரியால். வெட்டுவதற்கு முன் ஒரு சொற்பொழிவும் உண்டு. என் அப்பாவின் பழைய நீளத் துப்பாக்கிதான் என்னிடம் இருந்தது, புதரில் குழல் மாட்டிக்கொள்கிறது என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அவன் ஆரம்பித்தான். மான்கறியை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அன்று புரையேறிவிட்டது.

போன வருடம் அவன் ஒரு புது ஏற்பாடு செய்தான். முதல் நாள் காலை நான் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே பின்னால் வந்து சட்டையை இழுத்து வெட்டிவிட்டான்.

"எப்படியும் வெட்டத்தான் போறோம் மாப்ள," என்றான். "ராத்திரி எல்லாரும் அசந்து போய் வருவாங்க. ஒரு வேலை மிச்சம் பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். முறைப்படி அது தப்பு என்று மட்டும் தோன்றியது. தவறவிட்ட பிறகுதான் வெட்ட வேண்டும். அன்று நான் ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. நாள் பூராவும் இடுப்பில் குளிர்காற்று அடித்துக்கொண்டே இருந்தது.

புதுத் துப்பாக்கி வாங்கலாமா என்று யோசிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

நம் நாட்டில் செய்த, லிவர் இழுத்துச் சுடும் துப்பாக்கி இப்போது விற்கிற விலைக்கு, அதைச் சுவரில் மாட்டிக் கும்பிடத்தான் முடியும். எங்கள் ஊர் மெர்வினின் கடையில் இன்னொன்று இருந்தது. பிரேசிலில் செய்தது, குட்டைக் குழல், அதில் பாதி விலைகூட இல்லை. மெர்வின் ஆணியும் பெயிண்டும் விற்கிறவர், துப்பாக்கி பின்பக்க அலமாரியில். அங்கே முக்காலி போட்டு காபி குடிப்பதற்கென்றே சிலர் வருவார்கள். அவர்களில் ஒருவரும் எதையும் வாங்கி நான் பார்த்ததில்லை. வாங்குகிறவனுக்கு அறிவுரை மட்டும் தாராளமாகக் கிடைக்கும். கட்டை பழப்பெட்டிப் பலகை மாதிரி இருக்கிறது என்றார் ஒருவர். லிவர் துருப்பிடித்த கேட்டு மாதிரி இறுக்கம் என்றார் இன்னொருவர். மலிவுச் சரக்கு வாங்குகிறவன் இரண்டு தடவை வாங்க வேண்டியிருக்கும் என்று எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். டார்வினும் அங்கே இருந்தான்.

"வாங்கு மாப்ள," என்றான். "மான் அதப் பாத்துச் சிரிச்சே செத்துரும்."

கல் குவாரியில் லாரிகளை எடை போடுவது என் வேலை. மேடையில் ஏற்றிப் பார்க்காமல் டிரைவர் சொல்வதை நம்புகிறவன் நான் இல்லை. வசந்தத்திலிருந்து இலை உதிரும் வரை அந்தக் கடைக்குப் போய் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டு வருவேன். நீளம் குறைவு, புதருக்குள் கிளை எதிலும் சிக்காது. கனமே தெரியவில்லை. முக்கியமாக, தோளிலிருந்து இறக்காமலே லிவரைத் தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா தயார். ஒரே குண்டில் முடிக்கிறவனுக்கு அது தேவைப்படாது. எனக்குத் தேவைப்படலாம் என்று ஒத்துக்கொள்ளும் அளவுக்கு எனக்கு நேர்மை உண்டு. தொலைநோக்கி பொருத்த வசதி இல்லை என்பதுதான் ஒரே குறை. அதனால் எவ்வளவு தூரத்தில் சுடுவேன் என்று மெர்வின் கேட்டார். நியாயமான கேள்வி.

"பக்கத்துலதான்," என்றேன். "அவன் வருசா வருசம் ஒரே எடத்துலதான் உக்காந்திருப்பான்."

"மான் எங்கய்யா உக்காரும்?" என்றார் மெர்வின். "நிக்கும், இல்லாட்டி படுக்கும்."

முக்காலிகள் எல்லாம் ஆடும் அளவுக்குச் சிரித்தார்கள். மான்களைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது அன்றோடு ஊருக்கு உறுதியாகிவிட்டது. நான் திருத்தப் போகவில்லை. மெர்வினைக் கேட்டுப் பாருங்கள், அவருக்கு நினைவிருக்கும்.

அர்லீனிடமும் கலந்து பேசினேன். வேட்டைக்குப் போகாமல் இருப்பது அதைவிட மலிவு என்றாள். அவள் கணக்கிலும் தப்பில்லை. இருந்தாலும் வாங்கிவிட்டேன். யானை வாங்கினவன் அங்குசத்துக்கு யோசித்த கதையாகிவிடக் கூடாது என்று தோட்டா மட்டும் கடையிலேயே உயர்ந்த ரகமாகப் பார்த்து எடுத்தேன். லிவர் இறுக்கம்தான், முக்காலிக்காரர்கள் சொன்னது பொய்யில்லை. சாயங்காலம் டி.வி. பார்த்துக்கொண்டே ஆட்டி ஆட்டி இளக்கினேன். அர்லீன் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் குவாரியில் ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் பூசணிக்காயை வைத்துச் சுட்டுப் பழகினேன். டார்வினும் காட்டில் வாளியைக் கவிழ்த்துப் போட்டுத்தான் உட்காருவான். உயரம் சரியாக இருக்க வேண்டும் இல்லையா.

முதல் நாள் நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு அப்புறம் நடந்ததுதான் என்னை இந்த நாற்காலியில் பிடித்து வைத்திருக்கிறது.

அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ் அறையில் சாப்பாடு. பன்றித்தொடைக் கறி, உருளைக்கிழங்கு, சாவு வீட்டுக்கென்றே செய்கிற, உலர்திராட்சை அடைத்துச் சுட்ட பலகாரம். என் தட்டை யாரும் காலியாகவே விடவில்லை. முக்காலிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தோளில் கை வைத்தார்கள். என் மேல் தப்பே இல்லையாம். அந்த மலிவுச் சனியன்தான் காரணமாம், அப்போதே சொன்னார்களாம். மெர்வினுக்குக் கண் கலங்கியிருந்தது. துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடு, முழுப் பணமும் தருகிறேன், இனி அந்தச் சரக்கையே கடையில் வைக்க மாட்டேன் என்றார். எனக்குச் சுருக்கென்றது. எங்கேயோ பிரேசிலில் ஒரு ஆள் கருத்தாகச் செய்து அனுப்பிய பொருள். அதைப் பற்றி இங்கே திராட்சைப் பலகாரம் தின்றுகொண்டே இப்படிப் பேசுகிறார்கள். அதைவிட, இத்தனை மாதம் யோசித்து நான் எடுத்த முடிவு தப்பு என்று ஊரே சேர்ந்து தீர்ப்பெழுதிவிட்டது. எனக்காகப் பரிதாபப்பட்டு எழுதிய தீர்ப்பு என்பதால் எதிர்த்துப் பேசவும் வழியில்லை.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்ததும் அர்லீன் சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணனுக்காக அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது. அவள் அழுததைப் பார்க்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, நான் கல்நெஞ்சன் இல்லை.

"யாராவது உன்னச் சந்தேகமா ஒரு வார்த்த சொல்லட்டும், நான் கேக்கறேன்," என்றாள். "நீ வேணும்னே சுட்டிருந்தா எங்கண்ணன் இன்னிக்கு உசுரோட இருந்திருப்பான், லீராய்."

கனிவோடுதான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வருடம் கூட வாழ்ந்தவள், என்னைக் காப்பாற்ற அவளுக்குக் கிடைத்த ஒரே சாட்சி அதுதான். அன்று இரவுச் சாப்பாட்டை நான் தொடவில்லை. காலையில் நீங்கள் கூப்பிட்டு அனுப்பியபோது மனதுக்கு நிம்மதியாக இருந்தது.

ஆகவே திருத்தங்களைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

கட்டைவிரல் விறைக்கவில்லை. அர்லீன் பின்னிக் கொடுத்த கையுறை போட்டிருந்தேன், நல்ல கதகதப்பு. சுத்தியல் தானாக விழவில்லை. நான் பின்னால் இழுத்தேன், விசையை அழுத்தினேன், விழுந்தது. அது விழ வேண்டியதும் அப்படித்தான். டார்வின் வழக்கமான மரத்தடியில் வாளிமேல் உட்கார்ந்து பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தான். வேட்டைக்காரர்கள் எல்லாரும் ஆரஞ்சு அங்கி போட வேண்டும் என்று உங்கள் துறை வைத்திருக்கிற சட்டம் ரொம்ப நல்ல சட்டம், சார். இலை உதிர்ந்த காட்டில் ஆள் இருக்கும் இடம் துல்லியமாகத் தெரிகிறது.

சத்தம் இரண்டு தடவை கேட்டது. ஒன்றுதான் என்று எல்லாரும் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. முதல் நாள் காலையில் மலை முழுக்கச் சோளம் பொரிகிற மாதிரி வெடித்துக்கொண்டிருக்கும், யாருடையது எது என்று யார் எண்ணுகிறார்கள். நீங்கள் பொறுக்கி வைத்திருக்கிற காலித் தோட்டாக் கூடு இரண்டாவதுடையது. முதலாவதை அன்றே எடுத்துப் போட்டுக்கொண்டேன், என் கோட்டுப் பையிலேயே கிடக்கிறது. இதோ, மேசைமேல் வைக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒரே சுத்தியல் ஒரே இடத்தில் அடித்திருக்கும். குறையுள்ள துப்பாக்கி இப்படி அடிக்காது.

முதல் குண்டு அவன் தலைக்கு மேலே மரத்தில் பட்டது. பட்டை தெறித்து காபியில் விழுந்தது. அவன் திரும்பிப் பார்த்தான். புதருக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன், துப்பாக்கி தோளில் இருந்தது, குழல் அவன் பக்கமாகவே நீட்டிக்கொண்டிருந்தது. அவனுக்கு என்னை நன்றாகத் தெரிந்தது.

"அது மரம் மாப்ள," என்றான். "மான் அந்தப் பக்கம் ஓடிருச்சு போல. போய் சட்டையக் கழட்டி வை."

அப்புறம் அவன் பாட்டுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு காபியிலிருந்த பட்டைத் துணுக்கை விரலால் எடுத்துப் போட்டான். ஓடியிருக்கலாம். குனிந்திருக்கலாம். ஒரு சத்தமாவது போட்டிருக்கலாம். என் துப்பாக்கி முனையில் உட்கார்ந்துகொண்டு அவன் காபியை ஊதினான். அவ்வளவு நம்பிக்கை அவனுக்கு என் மேல்.

லிவரைத் தள்ளி இழுத்தேன். வெண்ணெய் மாதிரி வந்தது. தோளிலிருந்து இறக்கவே இல்லை. இரண்டாவது குண்டு எங்கே பட்டது என்று உங்கள் டாக்டரே எழுதியிருக்கிறார்.

அவ்வளவுதான். இதைப் புதிதாகத் தட்டச்சு செய்து கொண்டுவாருங்கள், ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். பிறகு என்னை எங்கே கொண்டுபோக வேண்டுமோ கொண்டுபோங்கள். எழுதும்போது ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். முதல் குண்டு குறி தவறியது என்று எங்கேயும் வந்துவிடக் கூடாது. முதல் தடவை நான் மரத்தைத்தான் குறிவைத்தேன்.